பன்னிரண்டு பெயர்கள்

நாற்பது பக்க நோட்டு. அட்டையில் யாரோ வைத்த ஈரக் கை.
முதல் பக்கத்தில் நான் எழுதிய ஒரே சட்டம்:
ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர்.

ஏன் பன்னிரண்டு என்று கேட்பவர்களுக்கு
என்னிடம் விஞ்ஞானம் கிடையாது.
பதினைந்து பேர் இறங்கிய அன்று
ஒருவன் பலகை இன்னொருவன் விலாவில் ஏறியது.
பன்னிரண்டு பேர் இறங்கிய அன்று
யாரும் யாரையும் திட்டவில்லை.
அவ்வளவுதான் கணக்கு.

நவம்பரில் வடமேற்குக் காற்று வாய் திறக்கும்.
அதுவரை கண்ணாடியாய்க் கிடந்த கடல்
பவளப்பாரின் முதுகில் இடறி
விழுந்த இடத்திலேயே எழுந்து சுருளும்.
மீனோடு திரும்பும் வள்ளங்களைக் கவிழ்க்கும் இடம் அது.
அதற்குக் காசு கொடுப்பார்கள் என்று
யார் கண்டது?

பார் என் தாய்வழிச் சொத்து.
எங்கள் தீவில் நிலம் பெண்வழி இறங்கும், பாரும் அப்படியே.
அதன்மேல் விழுகிற அலையும் எங்களுடையதா என்று
ஊர்க்கூட்டம் மூன்று இரவு பேசியது.
பாக்குச் சாறு துப்பித் துப்பி மணல் சிவந்தது.
கடைசியில் கிளெமென்ஸ் சொன்னான்:
"அலை யாருடையதும் இல்லை.
அது உடைகிற கல் நம்முடையது.
உடைவதற்கு வாடகை வாங்குவோம்."
சிரித்தோம். சிரித்தபடியே தீர்மானம் ஆயிற்று.

தலைக்கு இருபது கினா.
அதில் ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது,
மருந்தகத்துக்குச் சூரியத் தகடு,
பள்ளிக்கூடத்துக்குக் கூரை பாதி.
மீதிப் பாதியில் வானம்.

பிறகு வெள்ளைப் படகில் அவர்கள் வந்தார்கள்.
எழுபது அறை. கடலுக்குப் பக்கத்திலேயே
ஒரு நீச்சல்குளம்.
படகுத்துறைக்காகப் பாரின் வாயை
கொஞ்சம் அகலமாய் வெட்ட வேண்டுமாம்.
"அலை எங்கே போய்விடும்?" என்றார் ஒருவர்,
அதை ஒரு கேள்வி என்று நினைக்காமல்.
என் அண்ணன் ரோமானுஸ் அவர் பக்கம் நின்றான்.
அவன்மேல் எனக்குக் கோபமில்லை.
முழுக் கூரை யாருக்குத்தான் கசக்கும்?
அந்த வரைபடம் இன்னும் அவன் வீட்டில் இருக்கிறது,
எலிக்குப் பயந்து உத்தரத்தில் கட்டி.

இன்று காலை வந்தான் பதின்மூன்றாவது ஆள்.
நான்கு விமானம், கவியெங்கிலிருந்து ஒரு லாரி,
அவனைவிட உயரமாய் ஒரு பலகைப் பை.
நாளை திரும்பியாக வேண்டும் என்றான்.
ஐந்து மடங்கு தருகிறேன் என்றான்.
நோட்டை எட்டிப் பார்த்தான்.
பன்னிரண்டாவது பெயர்: கெலிஸ்டா.
"இது யார்?"
"என் மகள்."
"இங்கேயே இருக்கிறவள்தானே,
எந்த நாளும் இறங்கலாமே?"

ஐந்து மடங்கு என்றால் இரண்டு தகரம்.
என் மனசு ஆணியைக்கூட எண்ணிவிட்டது.
வாசலில் கெலிஸ்டா,
உடைந்த வள்ளத்திலிருந்து செதுக்கிய பலகையை
அக்குளில் இடுக்கியபடி,
கேட்டும் கேளாதவளாய்.

"எந்த நாளும் இருக்கிறவளுக்கு
ஒரு நாளாவது வேண்டும்" என்றேன்.
என் குரல் உறுதியாய் இருந்ததாம்.
பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது.

அவன் கத்தவில்லை. பையின்மேல் உட்கார்ந்தான்.
அவள் இரண்டு முறை விழுந்தாள்.
அடுத்த அலையின் சுருளுக்குள் போனாள்,
நான் மூச்சு விட மறந்த நேரம் முழுக்க
உள்ளேயே இருந்தாள்.
வெளியே வந்தபோது பார்த்தேன்:
அவன் எப்போதோ எழுந்து நின்றிருந்தான்.
கிழங்கு சுட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.
அதையும் எழுதி வைத்தேன். கணக்கு கணக்குதான்.

இரவெல்லாம் மழை.
பள்ளிக்கூடத்தின் வானப் பாதிக்குக் கீழே
ரோமானுஸ் வாளி வைத்துக்கொண்டிருந்தான்.
நானும் ஒரு வாளி கொண்டு போனேன்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
வாளிகள் மட்டும் வேறு வேறு சுருதியில்.

விடிந்தபோது காற்று செத்திருந்தது.
நோட்டில் தேதி போட்டேன்:
அலை இல்லை. பெயர் இல்லை.
சூரை மீன் நிறைய.